சாக்லேட் சிப் குக்கி: செய்முறையைச் சோதித்தலும் ஏமாற்றத்தைப் படித்தலும்

ஒரு செய்முறையைப் படித்து, அதில் சொல்லியபடி செய்து, வந்ததை வாயில் போட்டுப் பார்த்து நன்று என்றோ மோசம் என்றோ தீர்ப்புச் சொல்வதையே சோதனை என்று கருதும் பழக்கம் வீட்டுச் சமையலில் வேரூன்றியிருக்கிறது. சாம்பாருக்கு அது போதுமானது. புளி கூடிவிட்டால் வெல்லத்தைக் கிள்ளிப் போடலாம், கெட்டியானால் வெந்நீர் ஊற்றலாம், இறக்கும் நொடிவரை கை வைக்க இடம் உண்டு. குக்கியில் அந்த இடம் கிடையாது. தட்டு ஓவனுக்குள் போன பிறகு சமைப்பவருக்குக் கண்ணாடிக் கதவின் வழியே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஆகவே நேரவேண்டிய பிழைகள் யாவும் அதற்கு முன்பே, பெரும்பாலும் யாரும் கவனிக்காத இடத்தில், நேர்ந்து முடிந்திருக்கும்.

இதன் விளைவாக முதல் தட்டு தோற்றுப்போனால் பழி செய்முறையின் மேல் விழுகிறது. அடுத்த வாரம் வேறொரு செய்முறை தேடப்படுகிறது. அதுவும் அதே போல எண்ணெய் கசியத் தட்டையாகப் பரவினால், மூன்றாவது ஒன்று தேடப்படுகிறது. மூன்றும் ஒரே விதமாகத் தோற்றிருப்பதை வைத்தே கோளாறு மூன்றுக்கும் பொதுவான ஏதோவொன்றில் இருப்பதை ஊகித்துவிடலாம். முதல் தட்டில் சோதனைக்குள்ளாவது பெரும்பாலும் சமையலறைதான்: அங்குள்ள கோப்பை எவ்வளவு கொள்ளும், வெண்ணெய் எவ்வளவு இளகியிருந்தது, ஓவன் தான் காட்டும் வெப்பத்தைத் தருகிறதா என்பவை தெரியாதவரை எந்தச் செய்முறையைப் பற்றியும் முடிவுக்கு வர இயலாது. இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எந்தக் குக்கி வேண்டும்?

சாக்லேட் சிப் குக்கியின் மூலச் செய்முறை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்னும் ஊரில் பிறந்தது. ரூத் வேக்ஃபீல்டும் அவர் கணவர் கென்னத்தும் 1930இல் அங்கே டோல் ஹவுஸ் என்ற பெயரில் ஒரு விடுதியைத் தொடங்கினர். அவ்விடுதியின் உணவு மேசையிலிருந்து வந்த இக்குக்கியை ரூத் வேக்ஃபீல்ட் 1938இல் தமது சமையல் நூலின் புதிய பதிப்பில் சேர்த்தார். வேறொரு பொருள் தீர்ந்துபோனதால் தற்செயலாகச் சாக்லேட்டை உடைத்துப் போட்டார் என்ற கதை இன்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர் மனையியல் முறையாகப் பயின்றவர், சமையலறையில் அளவு பிசகாதவர் என்று பெயரெடுத்தவர் என்பதால், அந்தக் கதையைச் சமையல் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் ஏற்பதில்லை. திட்டமிட்டுச் செய்து பார்த்து அடைந்த செய்முறை அது என்று கொள்வதே பொருத்தமாகும்.

இங்கே கவனிக்கத்தக்கது அந்த மூலக் குக்கியின் உருவம். அரைத் தேக்கரண்டி அளவாக மாவை விட்டு, ஒரு கலவையில் நூறு குக்கிகள் எடுக்கும்படி அமைந்திருந்தது அது. அதாவது ஒரே கடியில் முடிந்துவிடும், மெல்லிய, மொறுமொறுப்பான சிறு வில்லை. இன்று படங்களில் காணப்படும் தடித்த, நடுவில் இளகிய, உள்ளங்கை அகலக் குக்கி அதன் பேரன் முறை. 1995இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட லெவெய்ன் பேக்கரி விற்கும் குக்கி ஒன்று ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ளது. வெளியே ஓடு போலவும் உள்ளே பாதி வெந்த மாவு போலவும் இருப்பதே அதன் சிறப்பாகக் கருதப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது, சாக்லேட் கலைஞர் ஜாக் டோரஸின் செய்முறையைத் தழுவி 2008இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட வடிவம்: உருண்டை ஒன்று சுமார் 100 கிராம், மாவுக்கு 24 மணி நேரத்துக்குக் குறையாத குளிர் ஓய்வு, விளிம்பு மொறுமொறுப்பு, நடுப்பகுதி மெல்லும் தன்மை, மேலே சில உப்புக் கற்கள்.

மூன்றும் நல்ல குக்கிகளே. மூன்றும் வெவ்வேறு குக்கிகள். முதலாவதன் செய்முறையை வைத்துக்கொண்டு இரண்டாவதன் படத்தை மனத்தில் நிறுத்துபவர், எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்திருந்தாலும் ஏமாறத்தான் செய்வார். ஏமாற்றங்களில் கணிசமான பங்கு இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், சோதனையில் இறங்குமுன் தாளில் ஒரு வரி எழுதிக்கொள்வது நல்லது: தடிமன் எவ்வளவு, உடைத்தால் முறிய வேண்டுமா வளைய வேண்டுமா, இனிப்பு தூக்கலாக இருக்க வேண்டுமா சாக்லேட்டின் கசப்பு தூக்கலாக இருக்க வேண்டுமா. அந்த வரி இல்லாமல் எடுக்கப்படும் முடிவு சுவைத்த அன்றைய மனநிலையைப் பொறுத்ததாகிவிடும்.

பத்து நிமிடங்களில் நடப்பது

மாவு உருண்டை ஓவனுக்குள் சென்ற முதல் ஓரிரு நிமிடங்களில் மாற்றம் எதுவும் தெரியாது. வெண்ணெயின் கொழுப்பு 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் ஏறக்குறைய முழுதும் உருகிவிடுமாதலால், வெளிப்புறம் அந்த வெப்பத்தை எட்டியதும் உருண்டையின் அடிவிளிம்பு பளபளத்து மெல்லச் சரியத் தொடங்கும். உடன் சர்க்கரையும் கரைந்து பாகாகி அந்தச் சரிவுக்கு வேகம் கூட்டும். மறுபுறத்தில் முட்டையின் புரதம் 60 டிகிரியைக் கடந்ததும் இறுகத் தொடங்கி 80 டிகிரிக்குள் உறைகிறது. மைதாவின் ஸ்டார்ச் கிடைக்கும் நீரை உறிஞ்சி வீங்குகிறது. இவை இரண்டும் சேர்ந்து ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. உருகுவது முந்தினால் குக்கி அகன்று மெலியும். இறுகுவது முந்தினால் குறுகித் தடிக்கும். பரவல் தொடர்பான எல்லாக் குறைகளுக்கும், அவற்றின் எல்லாத் தீர்வுகளுக்கும், அடிப்படை இந்தப் போட்டிதான்.

இதனுடன் சமையல் சோடாவின் பங்கும் சேர்கிறது. ஆப்பச் சோடா என்றே பல வீடுகளில் அழைக்கப்படும் இப்பொருள் ஒரு காரம். பழுப்புச் சர்க்கரையில் உள்ள மொலாசஸ், அதாவது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பின் எஞ்சும் கரிய பாகு, இலேசான அமிலத்தன்மை உடையது என்பதால் இரண்டும் வினைபுரிந்து வாயுவை வெளியிடுகின்றன. எஞ்சும் காரத்தன்மை மெய்லார்ட் வினையை விரைவுபடுத்துகிறது. புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் இணைந்து பழுப்பு நிறத்தையும் வறுபட்ட மணத்தையும் உண்டாக்கும் இவ்வினைக்கு, 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமீல் மெய்லார்டின் பெயர் இடப்பட்டது. சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் இட்ட குக்கி வெளிறியும் கேக் போல உப்பியும் வருவதற்குக் காரணம், பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதைச் சமன்செய்யும் அமிலப் பொருளும் ஏற்கெனவே கலந்திருப்பதால் காரத்தன்மை மிஞ்சுவதில்லை என்பதே. அளவு மிகுந்தாலோ, சலிக்காமல் கட்டியாகப் போட்டாலோ, சோடா நாக்கில் சவர்க்காரச் சுவையாகத் தங்கிவிடும்.

சமையலறை சேர்க்கும் பிழைகள்

டோல் ஹவுஸ் செய்முறை இன்று சிப்ஸ் பொட்டலங்களில் அச்சாகிவரும் வடிவத்தில் இரண்டேகால் கோப்பை மைதா, ஒரு கோப்பை வெண்ணெய், வெள்ளைச் சர்க்கரையும் பழுப்புச் சர்க்கரையும் முக்கால் முக்கால் கோப்பை, இரண்டு முட்டை, சோடா, உப்பு, வெனிலா ஒவ்வொரு தேக்கரண்டி, இரண்டு கோப்பை சிப்ஸ், 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 190 டிகிரி செல்சியஸ், 9 முதல் 11 நிமிடங்கள் என்று அமைகிறது. இந்த வரியில் முதல் பொறி முதல் சொல்லிலேயே இருக்கிறது. மைதாவைக் கரண்டியால் தளர்வாக அள்ளிப்போட்டு மேலே வழித்துவிட்டால் அமெரிக்கக் கோப்பை ஒன்று 120 கிராமை ஒட்டி நிற்கும். கோப்பையையே பொட்டலத்துக்குள் அமுக்கி எடுத்தால் 150 கிராமைத் தொடும். இரண்டேகால் கோப்பைக்கு ஒருவர் 270 கிராமும் இன்னொருவர் ஏறத்தாழ 340 கிராமும் போட்டுவிட்டு, இருவரும் ஒரே செய்முறையைச் செய்ததாக நம்பிக்கொண்டிருப்பர். முன்னவருக்குப் பரவலாகவும் பின்னவருக்கு உருண்டை உருண்டையாகவும் வரும். போதாக்குறைக்கு, கடைகளில் விற்கும் அளவுக் கோப்பைகளில் சில 240 மில்லிலிட்டர், சில 250 மில்லிலிட்டர். வீட்டுக் காப்பித் தம்ளரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு கிராம் துல்லியமுள்ள சிறிய மின்னணுத் தராசு இல்லாமல் செய்முறைச் சோதனை என்ற பேச்சுக்கே இடமில்லை. விலையுயர்ந்த மிக்ஸரை வாங்கிவிட்டுத் தராசை வாங்கத் தயங்குவது வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

இரண்டாவது பொறி வெண்ணெய். அறை வெப்பத்தில் இருக்கும் வெண்ணெய் என்று அமெரிக்க நூல்கள் எழுதும்போது கருதுவது 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்துச் சென்னைச் சமையலறையில் வெப்பமானி 33 காட்டும். அந்த அறையில் ஒரு மணி நேரம் வைத்த வெண்ணெய், செய்முறை கேட்கும் வெண்ணெயே அல்ல. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதன் நோக்கம், சர்க்கரைக் கற்களின் கூர்முனைகள் கொழுப்புக்குள் நுண்ணிய காற்றறைகளைக் குடைவது. பின்னர் சோடாவின் வாயுவும் நீராவியும் அந்த அறைகளில்தான் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகின்றன. இளகி எண்ணெயாகிவிட்ட கொழுப்பில் அறை நிற்காது. ஆகவே நம்முடைய தட்பவெப்பத்தில் கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்ப வேண்டும்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கிவைத்து, விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது என்ற நிலையில் அடிக்கத் தொடங்க வேண்டும். அடிக்கும் வேகமே வெப்பத்தைக் கூட்டும் என்பதால் பாத்திரத்தை முன்கூட்டியே குளிர வைப்பதும், கலவை மயோனைஸ் போல மினுங்கத் தொடங்கினால் பத்து நிமிடம் குளிர்பெட்டிக்குள் தள்ளிவிடுவதும் பயனளிக்கும்.

வெண்ணெயில் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். நமது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெய் பெரும்பாலும் உப்பிட்டது. அதில் ஏறத்தாழ 2 விழுக்காடு உப்பு இருக்கிறது. ஒரு கோப்பையாகிய 227 கிராம் வெண்ணெயில் அது நாலைந்து கிராம் ஆகிறது. செய்முறையில் உள்ள ஒரு தேக்கரண்டி உப்பையும் இதையும் சேர்த்துப் போட்டால் குக்கி கரிக்கும். உப்பிட்ட வெண்ணெயே வாய்த்தால் தனி உப்பைக் கால் தேக்கரண்டியாகக் குறைக்கலாம். நெய்யைப் பதிலாக இடுவோருக்கு ஒரு சொல்: வெண்ணெயில் சுமார் 16 விழுக்காடு நீர் உண்டு, நெய்யில் இல்லை, அந்த நீர் இல்லாத குக்கி மெல்லும் தன்மையை இழந்து நானகட்டாயின் பக்கம் சாய்ந்துவிடும். அது நல்ல தின்பண்டம்தான், கேட்டது அது அல்ல.

பழுப்புச் சர்க்கரை என்று செய்முறை குறிப்பது மொலாசஸ் பூசிய, ஈரப்பதமுள்ள, மென்மையான சர்க்கரையை. கடையில் அதே பெயரில் விற்கப்படுபவற்றுள் பல, டெமராரா வகையைச் சேர்ந்த, உலர்ந்த பெருங்கற்களாக இருக்கின்றன. கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் கொழுக்கட்டை போல நிற்பது முதல் வகை. மணல் போல உதிர்வது இரண்டாம் வகை. உதிரும் சர்க்கரை மாவில் முழுதும் கரையாது, ஈரத்தைப் பிடித்துவைக்காது, குக்கி ஆறியதும் கடினமாகிவிடும். நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் பயன்படுத்தினால் ஈரத்தன்மை ஓரளவு ஈடாகும். ஆனால் வெல்லத்தின் மணம் வெனிலாவையும் சாக்லேட்டையும் பின்னுக்குத் தள்ளும் என்பதை அறிந்தே அதைச் செய்ய வேண்டும். வெள்ளைச் சர்க்கரையிலும் நம் நாட்டுக் கற்கள் அமெரிக்கக் கற்களைவிடப் பருமனானவை என்பதால் மிக்ஸியில் ஓரிரு முறை விட்டு விட்டு ஓட்டி ரவைப் பதத்துக்குக் கொண்டுவருவது உதவும். பொடியாக அரைத்துவிட்டால் காற்றறை குடையும் கூர்முனைகளே இல்லாமல் போகும்.

சிப்ஸ் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்குவது இன்னொரு பொதுவான பிழை. காம்பவுண்ட் எனப்படும் மலிவு வகையில் கொக்கோ வெண்ணெயின் இடத்தை ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. வாயின் வெப்பத்தில் அது கொக்கோ வெண்ணெய் போலச் சட்டெனக் கரையாமல் அண்ணத்தில் மெழுகாகப் படியும். பொருட்பட்டியலில் கொக்கோ வெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நல்ல டார்க் சாக்லேட் பட்டையைக் கத்தியால் நறுக்கிப் போடுவது பெரும்பாலும் சிப்ஸைவிட மேலான பலனைத் தரும். உருவம் குலையாதிருக்கவென்றே சிப்ஸில் கொக்கோ வெண்ணெய் குறைத்து வைக்கப்படுகிறது, நறுக்கிய துண்டுகளோ உருகி மாவுக்குள் இழையோடும். ரூத் வேக்ஃபீல்ட் பயன்படுத்தியதும் நறுக்கிய பட்டையைத்தான். சிப்ஸ் பின்னால் வந்தது.

முட்டையைப் பொறுத்தவரை அமெரிக்கச் செய்முறைகள் ஓடு நீக்கிய எடை 50 கிராம் என்று கணக்கிடுகின்றன. நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சிறியது. உடைத்து எடை பார்த்துக்கொள்வதற்கு மேல் இதில் சிக்கல் இல்லை.

எஞ்சியது ஓவன். வீடுகளில் உள்ள ஓடிஜி வகைச் சிறு ஓவன்களின் குமிழ் 190ஐக் காட்டும்போது உள்ளே 165ஆகவும் இருக்கலாம், 215ஆகவும் இருக்கலாம். தட்டின் மேல் வைக்கும் தனி வெப்பமானி இதைத் தீர்த்துவிடும். அது கைவசம் இல்லாதபோது சர்க்கரையைக் கொண்டே சோதிக்கலாம்: வெள்ளைச் சர்க்கரை 186 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுவதால், சிறிதளவு சர்க்கரையை அலுமினியத் தாளில் பரப்பி, 175இல் நன்கு சூடேறிய ஓவனில் கால் மணி நேரம் வைத்தால் அது உருகக்கூடாது, 190இல் வைத்தால் உருக வேண்டும். முதலாவதிலேயே பாகாகிவிட்டால் ஓவன் அதிகச் சூடு, இரண்டாவதிலும் வெள்ளையாகவே கிடந்தால் குறைச் சூடு. விசிறி சுழலும் கன்வெக்‌ஷன் முறையில் வெப்பத்தை 15 முதல் 20 டிகிரி குறைத்து வைப்பது வழக்கம். சிறு ஓவன்களில் தட்டு மேற்கம்பிக்கு மிக அருகில் இருந்தால் மேற்புறம் கருகியும் அடி வேகாமலும் வரும் என்பதால் தட்டின் உயரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். பட்டர் பேப்பர் என்று விற்கப்படுபவற்றுள் சில வெறும் பொட்டலம் கட்டும் தாள். ஓவன் வெப்பத்தைத் தாங்குமா என்று உறையில் பார்த்தே வாங்க வேண்டும். தட்டில் வெண்ணெய் தடவுவது பரவலை மேலும் தூண்டும். முதல் முறை வெந்த சூடான தட்டிலேயே அடுத்த உருண்டைகளை வைத்தால் அவை ஓவனை அடையுமுன்பே உருகத் தொடங்கிவிடும். ஒரே மாவில் முதல் தட்டு நன்றாகவும் இரண்டாவது தட்டையாகவும் வரும் புதிருக்கு விடை பெரும்பாலும் இதுவே.

உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இருப்போருக்குத் தனிக் கணக்கு உண்டு. 2,000 மீட்டருக்கு மேல் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும் வாயு வேகமாக விரிந்து, ஈரம் விரைந்து வெளியேறி, குக்கி மிகையாகப் பரவும். சோடாவையும் சர்க்கரையையும் சற்றே குறைத்து மைதாவை ஒன்றிரண்டு கரண்டி கூட்டுவது அங்கே வழக்கமான திருத்தம்.

தோற்ற குக்கியைப் படித்தல்

தோற்றுப்போன தட்டைக் குப்பையில் கொட்டிவிடுவது, சோதனைக்குச் செலவிட்ட பொருளை இரண்டாம் முறை வீணாக்குவதாகும். ஒரு குக்கியை முழுதாக ஆறவிட்டு, நடுவில் கையால் உடைத்து, வெட்டுமுகத்தையும் அடிப்புறத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடி முழுவதும் எண்ணெய்ப் பளபளப்புடன், விளிம்பு வலைப்பின்னல் போல ஓட்டை ஓட்டையாக இருந்தால் வெண்ணெய் முந்தியிருக்கிறது: ஒன்று மைதா குறைவு, அல்லது மாவு சூடாக இருந்தது, அல்லது ஓவன் போதிய சூடேறவில்லை. இம்மூன்றில் எது என்பதை அறிய, மிச்சமுள்ள உருண்டைகளை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து மீண்டும் சுட வேண்டும். பரவல் கணிசமாகக் குறைந்தால் குற்றவாளி மாவின் வெப்பம், குறையாவிட்டால் மைதாவையும் ஓவனையும் பார்க்க வேண்டும். வைத்த வடிவம் மாறாமல் மேடாக நின்று, உடைத்தால் ரொட்டி போல ஒரே சீரான துளைகளுடன் உதிர்ந்தால் மைதா மிகை. முட்டை மிகையானாலும் ஏறத்தாழ இதே தோற்றம் வரும், ஆனால் அது உதிராமல் பஞ்சு போல அமுங்கும். உடைக்கும்போது இழுபட்டு ரப்பர் போல எதிர்த்தால், மைதா சேர்த்த பிறகு அளவுக்கு மீறிக் கலக்கப்பட்டிருக்கிறது. மைதாவின் புரதம் நீருடன் சேர்ந்து உண்டாக்கும் இழைப்பின்னலாகிய குளூட்டன் கலக்கக் கலக்க வலுக்கிறது. வெள்ளை மைதா கண்ணுக்கு மறைந்த நொடியில் கரண்டியை எடுத்துவிட வேண்டும், சிப்ஸைக் கையால் புரட்டிப் போட்டால் போதும்.

கல்லாக இறுகிய குக்கி என்ற புகார் மிகப் பரவலானது. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஓவனிலிருந்து எடுக்கும் நேரம். வெந்த பிஸ்கட்டைத் தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, நடு இளகியிருக்கிறதே என்று மூன்று நான்கு நிமிடம் கூடுதலாக விடுகிறார்கள். விளிம்பு பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் ஈரமினுக்கம் போகாமல் வெளிறியிருக்கும்போதே தட்டை வெளியே எடுக்க வேண்டும். சூடான தட்டின் மேலேயே ஐந்து நிமிடம் அது தொடர்ந்து வேகும், கொழுப்பும் சர்க்கரையும் ஆறும்போது தாமே இறுகும். சூட்டோடு தின்று பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு இதனாலேயே நம்பத்தக்கதல்ல. சூடாக இருக்கும்போது எல்லாக் குக்கியும் நன்றாகத்தான் இருக்கும்.

சுவையே இல்லை, வெறும் இனிப்பு மட்டுமே என்ற ஏமாற்றத்துக்குக் காரணங்கள் வேறு: உப்பின்மை, வெனிலா எசன்ஸின் தரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஓய்வின்மை. மாவு குளிரில் ஒரு நாள் கிடக்கும்போது முட்டையின் ஈரம் மெல்ல மைதாவுக்குள் ஊறி, மாவு உலர்ந்து, ஓவனில் சீராகப் பழுக்கிறது, சுவை ஆழமாகிறது. 2008இல் பரவலாகப் பேசப்பட்ட இந்த உத்தி புதியதன்று. டோல் ஹவுஸில் மாவை இரவு முழுதும் குளிர வைக்கும் வழக்கம் இருந்ததை ரூத் வேக்ஃபீல்டே தமது நூலில் எழுதியிருக்கிறார். பொட்டலத்தின் முதுகில் இடம்பிடித்த சுருக்க வடிவத்தில் அந்தக் குறிப்பு விடுபட்டுப்போனது. பிரபலமான செய்முறை ஒன்று ஏமாற்றும்போது, அதன் நீண்ட மூல வடிவத்தைத் தேடிப் பார்ப்பதில் பயனுண்டு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சோதனையை அமைத்தல்

சமையலறையின் பிழைகள் களையப்பட்ட பின்னரே செய்முறைகளை ஒப்பிடும் வேலை தொடங்குகிறது. அதற்குப் பாதி அளவே போதும்: மைதா 135 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 113 கிராம், வெள்ளைச் சர்க்கரை 75 கிராம், பழுப்புச் சர்க்கரை 80 கிராம், முட்டை 50 கிராம், சோடாவும் உப்பும் வெனிலாவும் அரைத் தேக்கரண்டி வீதம், சாக்லேட் 170 கிராம். இதில் 30 கிராம் உருண்டைகள் இருபது வரும். இதை அடிப்படை வடிவமாக வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வெண்ணெயை உருக்குவதையும் முட்டையின் வெள்ளைக்கருவைக் குறைப்பதையும் ஒரே நாளில் செய்துவிட்டு, வந்த நல்ல மாற்றத்துக்கு எது காரணம் என்று விவாதிப்பதில் பொருளில்லை. ஒவ்வொரு உருண்டையையும் எடை பார்த்தே வைக்க வேண்டும். 25 கிராமுக்கும் 40 கிராமுக்கும் உள்ள வேறுபாடு செய்முறைகளுக்கு இடையிலான வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடும். முழுத் தட்டையும் நிரப்புமுன் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பார்ப்பது தொழில்முறைப் பேக்கரிகளிலும் உள்ள வழக்கம். மைதா குறைவாகத் தெரிந்தால் மிச்ச மாவைக் காப்பாற்ற அப்போதும் வழியுண்டு. மாவைப் பச்சையாகச் சுவைத்து முடிவு செய்வதைத் தவிர்க்க வேண்டும். முட்டை மட்டுமல்லாமல் வேகாத மைதாவும் நோய்க்கிருமிகளைச் சுமந்திருக்கக்கூடும்.

வெவ்வேறு நாள்களில் சுட்டவற்றை நினைவிலிருந்து ஒப்பிடுவதைவிட, ஒவ்வொரு வடிவத்தின் உருண்டைகளிலும் சிலவற்றை உறைபெட்டியில் சேமித்து, பெயர் எழுதிய பையில் போட்டு, ஒரே நாளில் ஒரே தட்டில் அடுத்தடுத்துச் சுடுவதே நேர்மையான ஒப்பீடு. உறைந்த உருண்டையை உருகவிடாமல் நேரடியாக வைத்து ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் போதும். ஒப்பிடும் எல்லா வடிவங்களும் உறைந்தவையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சுவைத்துச் சொல்பவர்களை நடத்துவதிலும் ஒரு முறை உண்டு. எது பிடித்திருக்கிறது என்று கேட்டால், செய்தவரின் முகத்தைப் பார்த்தே வீட்டில் பதில் வரும். உணவு ஆய்வுக்கூடங்கள் பின்பற்றும் முக்கோணச் சோதனை இதற்கு மாற்று: மூன்று துண்டுகள் தரப்படும், அவற்றுள் இரண்டு ஒரே வடிவம், ஒன்று வேறு, எது வேறு என்று மட்டும் கேட்கப்படும். தட்டுகளின் அடியில் குறியிட்டு, பரிமாறுபவருக்கே விடை தெரியாதவாறு அமைத்தால் இன்னும் நன்று. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே ஆறு பேரில் இரண்டு மூன்று பேர் கண்டுபிடித்ததைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஐந்து பேராவது கண்டுபிடித்தால்தான் வேறுபாடு உண்மையானது என்று கொள்ளலாம். இந்தச் சோதனையை நடத்துபவர்கள், தாம் பெரிதாக நினைத்த பல மாற்றங்களை எவரும் கண்டுகொள்ளவில்லை என்பதைக் காண நேரும். விலையுயர்ந்த வெனிலாவுக்கும் மலிவான எசன்ஸுக்கும் இடையில் அப்படி நேர்ந்தால் மலிவானதையே வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ஓய்வெடுத்த மாவுக்கும் இரண்டு நாள் ஓய்வெடுத்த மாவுக்கும் இடையில் நேர்ந்தால் மறுநாளே சுட்டுவிடலாம்.